மலையகப் பாதையில் பின்சக்கர இயக்கக் கார்: ஏற்றம் எளிது, இறக்கமே சோதனை

நுவரெலியாவின் வசந்த காலமாகிய ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால், கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் சொகுசுக் கார்கள் வரிசையாக மலையேறி வருவது ஆண்டுதோறும் காணும் காட்சியாகும். அவற்றுட் சில இராகலை வீதியில் கந்தப்பளை வரை வந்து, எதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் 1996 முதல் இயங்கிவரும் ஹோட்டலை நோக்கி ஏறுவதைத் தோட்டத்துச் சிறுவர்கள் வீதியோரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். கார் என்பது துரைமாருக்கு உரியது, அல்லது வெளியூராருக்கு உரியது என்பதே இம்மலைகளில் நீண்ட காலம் நிலவிய எண்ணம். அந்த நிலை இப்போது மாறிவருகின்றது. லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் லொறியில் ஏற்றித் தம்புள்ளைக்கும் பேலியகொடைக்கும் அனுப்பிப் பொருள் தேடிய குடும்பங்களிலும், கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ உழைத்துத் திரும்பியவர்களிடத்திலும் இன்று கார்கள் உண்டு.

அத்தகையதொரு குடும்பத்து இளைஞரை அண்மையில் கந்தப்பளையில் சந்தித்தோம். அவருடைய பாட்டனார் பார்க் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்தவர். தந்தையார் மரக்கறி வியாபாரி. இளைஞரோ ஸ்போர்ட்ஸ் செடான் எனப்படும் நான்கு கதவுச் சொகுசுக் கார் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கியிருந்தார். 2001ஆம் ஆண்டின் ஜேர்மனியத் தயாரிப்பு. பின்சக்கர இயக்கம் கொண்டது. வாங்கிய மூன்றாம் வாரத்திலேயே, மழை தூறிக்கொண்டிருந்த மாலைப் பொழுதொன்றில், நுவரெலியாவுக்குச் செல்லும் வழியில் ஒரு வளைவில் காரின் பின்புறம் வழுக்கி வீதியின் குறுக்கே திரும்பிவிட்டது. எதிரே வாகனம் எதுவும் வராததால் தப்பித்துக்கொண்டார். "பின் வீல் இழுக்குற காரு மலைக்கு ஆகாதுன்னு எல்லாரும் சொல்றாங்க ஐயா. வித்துடவா?" என்பதே அவர் நம்மிடம் கேட்ட கேள்வி.

அவ்விடத்தில் நின்றுகொண்டே சுற்றிலும் பார்த்தோம். தரிப்பிடத்தில் நின்ற முச்சக்கரவண்டிகள் அனைத்தும் பின்சக்கர இயக்கம் கொண்டவையே. இராகலைக்குப் புறப்படவிருந்த பஸ் வண்டியும், கோவா மூட்டைகள் ஏற்றிய லொறியும் அவ்வாறே. மலையகத்தின் மக்களையும் மரக்கறியையும் கொழுந்தையும் தினந்தோறும் ஏற்றி இறக்குபவை பெரும்பாலும் பின்சக்கரங்களால் உந்தப்படும் வாகனங்களேயாகும். ஆதலின், பின்சக்கர இயக்கம் மலைக்கு ஆகாது என்ற கூற்று அப்படியே ஏற்கத்தக்கதன்று. ஆயினும் அதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கின்றது. அதை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், காரை உந்தும் வேலையை எந்தச் சக்கரம் செய்கின்றது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இயந்திரத்தை முன்னே வைத்து, அதன் சுழற்சியை நீண்ட தண்டொன்றின் மூலம் பின்னச்சுக்குக் கொண்டுசென்று, பின்சக்கரங்களைச் சுழற்றச் செய்வதே பின்சக்கர இயக்கம். மோட்டார் வாகன வரலாற்றின் முதல் அரை நூற்றாண்டுக் காலத்தில் பெரும்பாலான கார்கள் இம்முறையிலேயே செய்யப்பட்டன. தோட்டத் துரைமார் ஓட்டிய ஒஸ்டின், மொறிஸ் கார்களெல்லாம் இத்தகையனவே. பிரான்ஸின் சிட்ரோயன் நிறுவனம் 1934இல் முன்சக்கர இயக்கக் காரொன்றைப் பெருமளவில் தயாரித்து விற்கத் தொடங்கியது. 1959இல் பிரித்தானியாவில் அறிமுகமான மினி கார், இயந்திரத்தைக் குறுக்காக முன்னே பொருத்தி, இயக்கத்தையும் முன்சக்கரங்களுக்கே கொடுத்து, நீண்ட தண்டுக்கான இடத்தைப் பயணிகளுக்கு மிச்சப்படுத்தியது. செலவு குறைவு, எடை குறைவு, இடவசதி அதிகம் என்பதால் உலகின் சிறிய கார்களில் மிகப் பெரும்பாலானவை அவ்வழியைப் பின்பற்றின. இன்று இலங்கை வீதிகளில் காணும் சிறிய ஜப்பானிய, இந்தியக் கார்களுள் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம் உடையனவே.

அப்படியிருந்தும் சொகுசுக் கார் தயாரிப்பாளர்கள் சிலர் பழைய முறையைக் கைவிடவில்லை. பிஎம்டபிள்யூ நிறுவனம் 1975இல் தொடங்கிய மூன்றாம் வரிசைக் கார்களும், மேர்சிடிஸ் பென்ஸ் 1982இல் வெளியிட்ட 190 ரகமும், டொயோட்டா நிறுவனம் 1998இல் ஜப்பானில் அல்டெஸா என்ற பெயரிலும் பின்னர் வெளிநாடுகளில் லெக்சஸ் என்ற பெயரிலும் விற்ற காரும் பின்சக்கர இயக்கத்தையே தமது பெருமையாகக் கொண்டன. இதற்கு வெறும் மரபுப் பற்று காரணமன்று.

ஒரு டயர் வீதியைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. அந்த உள்ளங்கைக்கு உள்ள பிடிமானம் ஓர் எல்லைக்குட்பட்டது. அதைத் தோட்டத்துச் சம்பள நாளோடு ஒப்பிடலாம். கையில் வரும் தொகை ஒன்றுதான். கடைக்கடனுக்கு எவ்வளவு போகின்றதோ அவ்வளவும் பிள்ளையின் படிப்புக்கு இல்லாமற் போகின்றது. முன்சக்கர இயக்கக் காரில், காரை உந்துவதும் திருப்புவதும் ஆகிய இரு வேலைகளையும் முன்டயர்கள் இரண்டுமே செய்ய வேண்டியிருக்கின்றது. பின்சக்கர இயக்கத்தில் இவ்வேலை பிரித்துக் கொடுக்கப்படுகின்றது. முன்டயர்கள் திருப்புகின்றன, பின்டயர்கள் உந்துகின்றன. காரின் எடையும் முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிடப்படுகின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கைக்கு வீதியின் தன்மை தெளிவாகத் தெரிவதும், வளைவில் கார் இலகுவாகத் திரும்புவதும் இதனால்தான். ஓட்டிப் பழகியவர்கள் அந்தச் சுகத்தை மறப்பதில்லை.

மலை ஏற்றத்தில் இச்சுகம் இன்னும் கூடுகின்றது. ஏறும்போதும் வேகம் எடுக்கும்போதும் காரின் எடை பின்னோக்கிச் சாய்கின்றது. முன்சக்கர இயக்கக் காருக்கு இது நட்டம்; உந்தும் சக்கரங்களின் மேலிருந்து எடை விலகிப் போகின்றது. பின்சக்கர இயக்கக் காருக்கு இதுவே இலாபம். சரிவினால் மாத்திரம் கிடைக்கும் இலாபம் பெரிதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்துக்கு ஒன்று என்ற சரிவில், நடுத்தரக் காரொன்றின் மொத்த எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே பின்னச்சுக்கு மாறுகின்றது. வலுவாக வேகம் எடுக்கும்போதுதான் அது பல மடங்காகின்றது. கொண்டையூசி வளைவிலிருந்து வெளிப்பட்டு அடுத்த ஏற்றத்துக்கு எக்ஸிலரேட்டரை மிதிக்கும் கணத்தில், இந்தக் காரைப் பின்னாலிருந்து ஒரு கை தாங்கி உந்துவதைப் போன்ற உணர்வு உண்டாவது அதனாற்றான்.

இந்த மலைகளில் அந்த உணர்வுக்கு ஒரு வரலாறே உண்டு. நுவரெலியா நகருக்கு அண்மையிலுள்ள மகஸ்தோட்ட தோட்டத்தில் 1934ஆம் ஆண்டு தொடங்கிய மலையேற்றக் கார் ஓட்டப் போட்டி, ஏப்ரல் வசந்த காலத்தின் அடையாளங்களுள் ஒன்றாக விளங்கிவருகின்றது. ஒரு நேரத்தில் ஒரு வாகனம் மாத்திரமே தேயிலைச் செடிகளுக்கிடையே வளைந்து ஏறும் பாதையில் விடப்படும். யார் குறைந்த நேரத்தில் உச்சியை அடைகின்றார் என்பதே கணக்கு. சிட்ரோயனின் முன்சக்கர இயக்கக் கார் பிரான்ஸில் வெளிவந்த அதே ஆண்டில் இப்போட்டியும் தொடங்கியதை ஒரு சுவையான தற்செயலாகக் கொள்ளலாம்.

ஆனால் அப்போட்டி ஏற்றப் போட்டி என்பதைக் கவனிக்க வேண்டும். இறக்கத்தில் எவரும் நேரம் பார்ப்பதில்லை.

நுவரெலியாவிலிருந்து இறம்பொடை, புசல்லாவை ஊடாகக் கம்பளைக்கு இறங்கும் பாதையை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தூரத்தில் 1,400 மீற்றர் உயரம் இழக்கப்படுகின்றது. நால்வர் அமர்ந்த காரொன்று 1,700 கிலோகிராம் எடையுடையதாயின், அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது அது வெளிவிடும் சக்தி, பள்ளிக்கூடத்துப் பௌதிகவியல் சூத்திரத்தின்படியே கணக்கிட்டால், சுமார் 23 மெகாஜூல். எழுபது லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். காற்றின் தடையும் இயந்திரமும் இதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். மிகுதி முழுவதும் நான்கு பிரேக்குகளில் வெப்பமாக இறங்குகின்றது. பிரேக் மிதியிலிருந்து காலை எடுக்காமலே இறங்கும் சாரதி, அந்த வெப்பம் ஆறுவதற்கு இடமே கொடுப்பதில்லை.

பிரேக் எண்ணெயின் இயல்பு இங்கு அறியத்தக்கது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. டொட் 4 என்ற வகைக்குப் புதிதாயிருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் கொதிநிலை இருத்தல் வேண்டும் என்பது நியமம்; ஈரம் ஏறிய பின்னர் அது 155 பாகை வரை இறங்கிவிடலாம். கொதித்த எண்ணெயில் ஆவிக் குமிழிகள் உண்டானால், மிதி தரைவரை அமுங்கும், கார் நிற்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றுவது வழக்கமான அறிவுரை. மூடுபனியும் மழையும் நிறைந்த கந்தப்பளையில் அதைத் தள்ளிப்போடுவது தகாது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பழைய லொறிச் சாரதிகள் சொல்வதற்கும் பொருள் இதுவே. தானியங்கி கியர் உள்ள கார்களிலும் கையால் கியரைக் குறைக்க வசதி உண்டு. பலர் அந்த வசதியை ஒருபோதும் தொடுவதேயில்லை.

பின்சக்கர இயக்கத்தின் மறுபக்கமும் இறக்கத்தில்தான் வெளிப்படுகின்றது. இறங்கும்போது எடை முன்னோக்கிச் சாய்ந்துவிடுகின்றது; பின்சக்கரங்கள் இலேசாகின்றன. கியரைக் குறைத்து இயந்திரத்தால் வேகத்தைத் தணிக்கும்போது, அந்தத் தடுப்பு இலேசான பின்சக்கரங்களின் மேல் மாத்திரமே விழுகின்றது. ஈரமான வளைவொன்றின் நடுவில் சாரதி அச்சத்தால் எக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுத்தாலோ, கியரைத் திடீரெனக் குறைத்தாலோ பின்டயர்களின் பிடிமானம் தீர்ந்து, காரின் வால் வெளிப்பக்கமாக வீசப்படும். இடப்பக்கம் வாகனம் செலுத்தும் நமது நாட்டில், இடப்பக்க வளைவில் வீசப்படும் வால் எதிரே வருபவரின் பாதையிற்றான் போய் நிற்கும். முன்சக்கர இயக்கக் கார் பிடியிழக்கும்போது பெரும்பாலும் மூக்கு நேரே போகும்; வேகத்தைத் தணித்தாலே அது மீண்டுவிடக் கூடும். வால் வீசும் காரை மீட்க, வால் எந்தப் பக்கம் போகின்றதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை அளவாகத் திருப்பியாக வேண்டும். அச்சத்தில் இருப்பவருக்கு இயல்பாக வராத செயல் இது. சாதாரணச் சாரதிக்கு முன்சக்கர இயக்கமே பாதுகாப்பானது என்று சொல்பவர்களின் வாதத்தில் உள்ள நியாயமும் இதுவேயாகும்.

இக்குறையைத் தொழில்நுட்பம் பெருமளவு ஈடுசெய்துவிட்டது. சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாது காக்கும் மின்னணுப் பிரேக் 1978இல் மேர்சிடிஸ் பென்ஸ் காரில் வந்தது. வழுக்கும் காரின் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே தடுத்து நேர்ப்படுத்தும் நிலைக்காப்பு முறையை அதே நிறுவனம் 1995இல் அறிமுகப்படுத்தியது. இவை உள்ள கார் பல தவறுகளை மன்னிக்கும். 1980களினதும் 1990களினதும் கார்களில் நிலைக்காப்பு பெரும்பாலும் இல்லை. அதற்குப் பிந்திய பழைய கார்களிலோ அது இருந்தும், எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டேயிருக்க, பழுதுபார்க்கச் செலவாகும் என்று விடப்பட்டிருப்பதைக் காண்கின்றோம். விளக்கின் மேல் கறுப்பு ஒட்டுத்தாளை ஒட்டிவைத்திருந்த ஒருவரையும் நாம் அறிவோம்.

மின்சாரக் கார்களின் வருகையோடு பின்சக்கர இயக்கம் மீண்டும் பரவலாகின்றது என்பது இன்னொரு செய்தி. டெஸ்லாவின் மொடல் 3, பிவைடி நிறுவனத்தின் சீல் ஆகியவற்றின் ஒற்றை மோட்டார் ரகங்கள் பின்சக்கரங்களாலேயே ஓடுகின்றன. இறக்கத்தில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வேகத்தைத் தணித்து மின்கலத்தை நிரப்புவதால் மலைப்பாதைக்கு இவை மிகவும் ஏற்றவை. ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். நுவரெலியா ஹோட்டலில் இரவு முழுவதும் மின்னேற்றி, நூறு சதவீதம் நிரம்பிய மின்கலத்தோடு காலையில் இறங்கத் தொடங்கினால், திரும்பிவரும் மின்சாரத்தைக் கொள்ள மின்கலத்தில் இடம் இராது. அந்தத் தடுப்பு வெகுவாகக் குறைந்துவிடும். எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு இறங்குவதே அறிவுடைமை.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் இருப்பதும் காருக்குச் சில சோதனைகளைத் தருகின்றது. காற்று ஐதாக இருப்பதால், டர்போ இல்லாத பெற்றோல் இயந்திரம் கொழும்பில் காட்டும் வலுவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானதை இங்கு இழந்துவிடும். வாங்கும்போது கொழும்பில் ஓட்டிப் பார்த்த கார் இங்கு சோம்பேறியாகத் தோன்றுவது பழுதன்று. தேநீருக்கு வைத்த தண்ணீர் இங்கு ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுவதைப் போல, குளிரூட்டி நீரும் அழுத்தம் கசிந்தால் விரைவிற் கொதிக்கும். இருபது, இருபத்தைந்து ஆண்டு பழைய ஜேர்மனியக் கார்களின் குளிரூட்டித் தொட்டியும் குழாய் இணைப்புகளும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. நாட்பட்டால் வெடிப்பு விடுபவை. வாங்குபவர் முதலிற் பார்க்க வேண்டிய இடம் அது. பளபளக்கும் வர்ணத்தைப் பிறகு பார்க்கலாம்.

இவ்வளவு பழைய கார்கள் ஏன் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அடுத்து வந்த பொருளாதார நெருக்கடியில், 2022 ஓகஸ்டில் கியூஆர் அட்டை முறையின் கீழ் ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் எரிபொருள் என்று அளந்து கொடுக்கும் நிலை வந்தது. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி முதலாம் திகதியே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதுவும் சுங்கத் தீர்வை, அதன்மேல் மிகைவரி, இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்த உற்பத்தித் தீர்வை, குறித்த பெறுமதியைத் தாண்டினால் ஆடம்பர வரி, இவையனைத்துக்கும் மேலாக 18 சதவீதப் பெறுமதி சேர் வரி என்ற சுமைகளோடுதான். புதிய சொகுசுக் கார் செல்வந்தருக்கு மாத்திரமே உரியதாகிவிட, ஆசைப்படும் நடுத்தர வர்க்கத்து இளைஞர் பழைய காரிடம் போகின்றார். வாங்குவதற்கே கைப்பொருள் தீர்ந்துவிடுகின்றது. பராமரிப்புக்கு மிஞ்சுவதில்லை.

டயர் இதற்கு நல்ல உதாரணம். இத்தகைய காருக்குரிய நல்ல டயர் ஒன்றின் விலை, கொழுந்து பறிப்பவர் ஒருவரின் மாதச் சம்பளத்தை விஞ்சக் கூடியது. (2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தின்படி அது 25 நாட்களுக்கு 33,750 ரூபாவாக இருந்தது.) நான்கையும் ஒன்றாக மாற்ற எவருக்கும் தயக்கம் உண்டாவது இயல்பே. ஆகவே பட்டி தேயும்வரை ஓடுவோம் என்று விட்டுவிடுகின்றார்கள். டயர் தேயாமலே கெடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல இறப்பர் இறுகிவிடும். அதன் பக்கச் சுவரில், டொட் என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் இறுதியில் நான்கு இலக்கங்கள் உள்ளன. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்திற் செய்யப்பட்டது என்று பொருள். பார்வைக்குப் பட்டி ஆழமாக இருந்தாலும், பத்து வயதான டயர் ஈர வீதியில் கல்லைப் போன்றதே. போதாததற்கு, விளையாட்டு ரகக் கார்களுக்கான கோடைகால டயர்கள் 7 பாகைக்குக் கீழ் மேலும் இறுகுபவை. துகள் உறைபனி விழும் ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் நுவரெலியாவும் கந்தப்பளையும் அந்த அளவுக்குக் கீழே இறங்குகின்றன. வெப்ப நாட்டில் வாழ்கின்றோம் என்ற நினைப்பில் இதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அரசும் எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. தனியார் காரொன்றுக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெறச் சென்றால், புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் கேட்கப்படுகின்றன. டயரின் வயதையும் பிரேக்கின் நிலையையும் யாரும் பார்ப்பதில்லை. பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். இருபது ஆண்டு பழைமையான, மணிக்கு 200 கிலோமீற்றர் ஓடவல்ல காருக்கு வேண்டியதில்லை. புகையை அளக்கும் நிலையத்திலேயே டயரையும் பிரேக்கையும் பரிசோதிக்க ஒழுங்கு செய்வது அப்படியொன்றும் ஆகாத காரியமன்று. குறைந்தபட்சம் மலை மாவட்டங்களிலாவது இதைத் தொடங்கலாம்.

ஏனெனில் இப்பாதைகளில் தவறின் விலையைக் கொடுப்பவர் காரில் இருப்பவர் மாத்திரமல்லர். 2023 ஜனவரி 20ஆம் திகதி இரவு, நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில், கொழும்புப் பாடசாலையொன்றின் மாணவர்களை ஏற்றிவந்த பஸ் இறக்கத்தில் ஒரு வேனுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதியது. உயிரிழந்த எழுவரும் சிறிய வாகனங்கள் இரண்டிலும் இருந்தவர்கள். 2025 மே 11ஆம் திகதி அதிகாலை, கொத்மலை கெரண்டியெல்லயில் பஸ்ஸொன்று பள்ளத்திற் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவை கார் விபத்துக்கள் அல்லதான். ஆனால் பாதை ஒன்றே, சரிவும் ஒன்றே. போட்டிக் களமும் இதற்கு விதிவிலக்கன்று. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் ஓட்டப் போட்டியில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகி மக்களிடையே பாய்ந்ததில், சிறுமி ஒருவர் உட்பட எழுவர் பலியாயினர். வேலியும் மருத்துவ வண்டியும் கண்காணிப்பாளரும் இருந்த இடத்திலேயே அப்படி நடந்தது.

கந்தப்பளை வீதியில் வேலி இல்லை. பெரும்பாலான இடங்களில் நடைபாதையும் இல்லை. 1900களின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து கந்தப்பளை ஊடாக இராகலை வரை ஓடிய குறுகிய ரயில்பாதை 1940களில் மூடப்பட்டுவிட்ட பின்னர், இம்மக்களுக்கு இருப்பது இந்த வீதி ஒன்றே. காலை ஏழு மணிக்குப் பாடசாலைப் பிள்ளைகள் அதன் ஓரத்திலேயே வரிசையாக நடக்கின்றார்கள். மாலையில் மலையிலிருந்து இறங்கும் பெண்கள், தலையில் றெட்டுக் கட்டியபடி, அதே ஓரத்தில் வருகின்றார்கள். மூடுபனி இறங்கிவிட்டால் இருபது மீற்றருக்கு அப்பால் ஆள் தெரியாது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போது மண்சரிவுகள் மலையக வீதிகளை எவ்வாறு அறுத்தெறிந்தன என்பதை நாம் அறிவோம். மழைக்காலத்தில் மேட்டிலிருந்து வழிந்துவரும் சேறு, தார் வீதியின் மேல் மெல்லிய படலமாகப் படிவது இங்கு அன்றாட நிகழ்ச்சி. அந்தப் படலத்தின் மேல் 200 குதிரைவலுவும் இல்லை, 20 குதிரைவலுவும் இல்லை. அந்த நான்கு உள்ளங்கைகள் மாத்திரமே உண்டு.

இவ்வளவையும் அந்த இளைஞரிடம் சொல்லவில்லை. காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தோம். முன்டயர்கள் இரண்டும் புத்தம் புதியவை. வாங்குபவரின் கண்ணில் முதலிற் படுவது அவைதான் என்பது விற்றவருக்குத் தெரிந்திருக்கின்றது. பின்புறம் குனிந்து, கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் குறியீட்டைத் தேடினோம். 1413 என்றிருந்தது. அதாவது, 2013ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் செய்யப்பட்ட டயர்கள். வழுக்கலைத் தாங்க வேண்டிய பின்னச்சில் பழையதும், முன்னச்சில் புதியதும் பூட்டப்பட்டிருந்தன. எந்த இயக்கமுடைய காராயினும் இரண்டு டயர்களே புதியவையாயின் அவற்றைப் பின்னே பூட்டுக என்பது டயர்த் தயாரிப்பாளர்களின் பொதுவான அறிவுரை. பின்சக்கரங்களே உந்தும் காரில் அதற்கு மாறாகச் செய்வதை என்னவென்று சொல்வது!

"அப்போ காரு மேல குத்தம் இல்லையா ஐயா?" என்று கேட்டார். இல்லை என்றோம். சற்று நேரம் டயரையே பார்த்துக்கொண்டு நின்றவர், காரை வீட்டோடு இருந்த மரக்கறிக் கொட்டகைக்குள் மெதுவாகப் பின்னோக்கி விட்டுப் பூட்டினார். சீட்டுப் பணம் அடுத்த மாதந்தான் கைக்கு வருமாம்; அதுவரை கார் அங்கேயே நிற்கட்டும் என்றார். நுவரெலியாவிலுள்ள டயர்க் கடையில் விலை கேட்டுவர வேண்டுமென்று சொல்லி, சந்தியில் நின்ற முச்சக்கரவண்டியொன்றைக் கைதட்டி அழைத்து ஏறிக்கொண்டார்.